செருப்பு போட்டால் ஒன்றும் செய்யாது

ஜோஸ்பினைப் போல ஒரு மெஷினை வைத்துக் காப்பாற்றியவர் திண்டுக்கல் டவுனில் இன்னொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். அது கல் அறுக்கும் மெஷின். இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினால் டைல்ஸ், மார்பிள், கிரானைட் எதுவானாலும் கோடு பிசகாமல் அறுத்துக் கொடுக்கும். பின்பக்கத்துக் கைப்பிடி பிளாஸ்டிக். முன்பக்கம், பிளேடு சுற்றுகிற இடத்தில், அலுமினியத்தில் ஒரு மூக்கு. அவளும் புருஷன் இனிகோவும் பிழைத்தது அதை வைத்துத்தான். மகளைக் கரூரில் கட்டிக் கொடுத்ததும் அந்த மெஷின் சம்பாதித்த காசில்தான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், முகம் கழுவுவதற்கு முன்னால் அவள் மெஷினைத்தான் கையில் எடுப்பாள். பிளேடைக் கழற்றித் தனியாகத் துடைப்பாள். காற்றுப் போகிற ஓட்டைகளில் அப்பிக்கிடக்கும் வெள்ளைத் தூளைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுப்பாள். ஈரத்துணி கூடாது, காய்ந்த துணிதான். தரையில் வைத்தால் ஓதம் ஏறும் என்று கட்டிலுக்கடியில் பலகை போட்டு, அதன்மேல் மெஷினை வைத்து, அரிசிச் சாக்கால் போர்த்திவிடுவாள். உள்ளே கார்பன் தேய்ந்து பொறி பறந்தால், பிடித்து ஓட்டுகிற இனிகோவுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"என்னையும் இப்படித் தொடச்சுப் போத்தி வச்சிருந்தா நான் இம்புட்டுக் கருத்துப் போயிருப்பேனா?" என்று இனிகோ கேலி செய்வான்.

"ஒங்களுக்கென்ன, தேச்சுக் குளிச்சாப் போச்சு. இதுக்குக் குளிக்கத் தெரியுமா?" என்பாள் அவள்.

இத்தனை பத்திரமாக வைத்திருந்த மெஷின் ஷாக் அடிக்கும். இதை எங்கே போய்ச் சொல்வது! அது ஷாக் அடிக்கும் என்பது இனிகோவுக்குத் தெரியும். ஜோஸ்பினுக்குத் தெரியும். அவ்வப்போது அவர்களோடு வேலைக்கு வரும் இனிகோவின் தம்பி ஞானராஜுக்கும் தெரியும். தெரிந்தேதான் வைத்திருந்தார்கள்.

ஜோஸ்பின் செம்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குத் துண்டு நிலத்தில் மல்லிகைத் தோட்டம். பூப் பறித்துப் பறித்தே பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. இனிகோவைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்த புதிதில் சித்தாள் வேலைக்குப் போய்க் கலவைச் சட்டி சுமந்தாள். இனிகோ டைல்ஸ் ஒட்டப் பழகிச் சொந்தமாக மெஷின் வாங்கியதும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவனுக்குத் தண்ணீர் ஊற்ற உட்கார்ந்தாள். கல் அறுக்கும்போது பிளேடு படுகிற இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் புகையாகக் கிளம்பி நெஞ்சை அடைக்கும், பிளேடும் சூடேறிப் பாழாகும். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலோடு அவள் அவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்காருவாள். காது கிழிகிற அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது. புருவம் தூக்கினால் தண்ணீர் போதாது என்று அர்த்தம், தலை அசைத்தால் நிறுத்து என்று அர்த்தம். அப்படியே அவர்களுடைய குடும்பம் ஓடியது. சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன நாட்களிலும் அவன் புருவம் தூக்கினால் அவள் தண்ணீர் ஊற்றாமல் இருந்ததில்லை.

மெஷின் வாங்கியபோது அதன் வயருக்குள் மூன்று இழை இருந்தது, பிளக்கிலும் மூன்று கால் இருந்தது. மூன்றாவது இழை பச்சை நிறம். உள்ளே எங்கேயாவது கரண்டு கசிந்தால் அதை ஆள்மேல் பாய விடாமல் மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வைத்தது அது. நம் ஆட்கள் அதை என்ன பாடு படுத்துவார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டடம் நடக்கிற இடத்தில் சின்னப் பிளக் பாயின்ட்தான் இருக்கும், பெரிய பிளக் அதில் நுழையாது. உடனே பிளக்கை வெட்டி எறிய வேண்டியது. சிவப்பு இழையையும் கறுப்பு இழையையும் பல்லால் கடித்து உரித்து, ஓட்டையில் செருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியை முட்டுக் கொடுக்க வேண்டியது. 'இது எதுக்கு வெட்டியாத் தொங்குது' என்று பச்சையை அடியோடு நறுக்கிவிட வேண்டியது. இந்தக் கண்றாவி நடக்காத கட்டடம் உண்டா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். இனிகோவும் அதைத்தான் செய்தான். பச்சை இழை போன பிறகும் மெஷின் நன்றாகத்தானே ஓடியது!

பிறகு ஒருநாள் அலுமினிய மூக்கைப் பிடித்திருந்த இடக்கையில் சுரீர் என்றது. எறும்பு கடித்தாற்போல இருந்தது என்றான் இனிகோ. வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவன் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பிடித்தான். ஒன்றும் செய்யவில்லை. "செருப்பு போட்டா ஒண்ணும் செய்யல" என்று சந்தோஷமாகச் சொன்னான். வியாதி கண்டுபிடித்தாயிற்று, மருந்தும் கண்டுபிடித்தாயிற்று, அப்புறம் என்ன? அன்றிலிருந்து அந்த மெஷினைச் செருப்பு போட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்று ஆகிப்போனது.

ஜோஸ்பின் செருப்பையும் மெஷினைப் போலவே பராமரித்தாள். மெத்தென்று இருக்கிற செருப்பு ஆகாது, கனத்த ரப்பர் செருப்புதான் வேண்டும் என்று கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினாள். காலையில் கிளம்பும்போது அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பாள். குதிகாலில் தேய்ந்திருந்தால் அன்றைக்கே புதுச் செருப்பு. மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் சாமான் பைக்குள் கிடக்கும். மெஷினுக்குப் பார்க்க வேண்டிய வைத்தியத்தை அவள் செருப்புக்குப் பார்த்தாள். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் அவளுக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுக்கவில்லை.

போன தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, அந்தச் சுரீர் செருப்பையும் மீறி வர ஆரம்பித்தது. இனிகோ வாய் திறந்து சொல்லவில்லை. அறுத்துக்கொண்டிருக்கும்போது அவன் இடக்கை ஒரு தடவை வெடுக்கென்று விலகியதை எதிரே உட்கார்ந்திருந்தவள் பார்த்துவிட்டாள். மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனாள். அங்கே ருக்ஸார் என்ற பெண் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தாள். அப்பா வைத்திருந்த கடை, அவர் போன பிறகு இவள் பார்க்கிறாள். தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மும்முரத்தில் எரிந்துபோன மோட்டார்கள் கடைக்கு வெளியே தெருவரைக்கும் வரிசை கட்டிக் கிடந்தன.

ருக்ஸார் மெஷினை வாங்கி, கரண்டு கொடுத்து, அலுமினிய மூக்கில் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஏன்க்கா, இதையா கையில பிடிக்கிறாரு அண்ணன்? பாடி பூராக் கரண்டு நிக்குதே. வச்சுட்டுப் போங்க. இந்த மோட்டாரையெல்லாம் தள்ளிவிட்டுட்டு ரெண்டு மூணு நாள்ல பிரிச்சுப் பாத்துத் தாரேன்."

இனிகோ சரி என்கிற மாதிரிதான் நின்றான். "வச்சுட்டுப் போவோம்ல? அதுவரைக்கும் வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்குவோம்" என்று ஜோஸ்பினைப் பார்த்துச் சொன்னான்.

அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது கோயில் வேலை. வடமதுரைக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். அங்கே செபஸ்தியார் கோயிலில் பீடத்துக்குப் போகும் படிகளுக்குப் புதுக் கிரானைட் போட வேண்டும். திருவிழாக் கொடி ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பேச்சு. வாடகை மெஷினை நினைத்ததுமே ஜோஸ்பினுக்கு முகம் சுளித்தது. ஊரில் உள்ளவன் எல்லாம் போட்டு அடித்து, தூளும் துரும்புமாகக் கிடக்கும் மெஷின். பிளேடு நேராக நிற்குமோ நிற்காதோ. சாமி காலடியில் போடுகிற கல்லை அதிலா அறுப்பது? தான் இத்தனை காலம் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்ட மெஷினை விட்டுவிட்டா?

"வேணாங்க. கோயில் வேலைய முடிச்சிட்டுக் கொண்டாந்து குடுப்போம். நம்ம மெஷினு நம்மள ஒண்ணும் செஞ்சிராது. செபஸ்தியாரு பாத்துக்குவாரு" என்றாள்.

ருக்ஸாருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு மெஷின் குறைந்தால் அவளுக்கும் நிம்மதிதான். "அப்பச் செருப்பையாச்சும் போட்டுக்கிட்டுப் பிடிங்கண்ணே" என்று சொல்லி மெஷினைத் திருப்பிக் கொடுத்தாள். பார்த்தீர்களா, காயில் கட்டுகிறவள்கூட அதே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்தாள்.

கோயில் வேலையின் இரண்டாம் நாள் காலை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சூசைமாணிக்கம் கதவைத் திறந்துவிட்டு, சுவரில் இருந்த பழைய சுவிட்ச் போர்டைக் காட்டிவிட்டு, கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடிக்கிற ஆட்களைப் பார்க்க வாசலுக்குப் போய்விட்டார். கரண்டு கசிந்தால் பட்டென்று நிறுத்துகிற டிரிப்பர் எல்லாம் அந்தப் போர்டில் கிடையாது. அது எந்தக் காலத்துப் போர்டோ. இனிகோ தீக்குச்சி வைத்து வயரைச் செருகினான்.

முதல் நாள் கற்களை வெளியில் மரத்தடியில் வைத்து அளவாக அறுத்துக் கொண்டுவந்து ஒட்டியாகிவிட்டது. கடைசிப் படி மட்டும் சுவரோடு சேருகிற மூலையில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. ஒட்டிய கல்லைப் பெயர்க்க முடியாது, இருந்த இடத்திலேயே வைத்துத்தான் அறுத்தாக வேண்டும். இனிகோ மெஷினை எடுத்துக்கொண்டு படியேறினான். அவன் காலில் செருப்பு இருந்தது.

ஜோஸ்பின் முக்காடு போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆண்டவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அடையாளமான விளக்கு. சின்ன வயதிலிருந்து அந்த விளக்கைப் பார்த்தால் முழங்கால் தானாக மடங்குகிற பெண் அவள். அதன் முன்னால், பீடத்துப் படியிலேயே, தன் புருஷன் சேறு படிந்த செருப்போடு நிற்கிறான். அவளுக்கு உடம்பு கூசியது.

"ஏங்க, என்ன இது? பீடத்துக்கிட்டயே செருப்போடவா நிப்பீக? கழட்டுங்க."

"மெஷினு…" என்று இழுத்தான் இனிகோ.

"செத்த நேர வேலதானே. ஒண்ணும் ஆகாது. கழட்டிட்டு வாங்க."

அவள் சொல்லி அவன் எதைத்தான் தட்டியிருக்கிறான்! கீழே இறங்கி, வாசல் வரைக்கும் நடந்துபோய், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். வரும்போது கோயிலின் நடுவில் நின்று ஒரு சிலுவை போட்டுக்கொண்டான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெஷினை ஓட்டி, விரலை எடுத்தாலும் ஓடும்படி பொத்தானைப் பூட்டிவிட்டு, பிளேடைக் கல்லில் இறக்கினான். அவள் தண்ணீர் ஊற்றினாள். படி நனைந்து, தண்ணீர் அவன் பாதத்துக்கடியில் ஓடியது.

மெஷினின் சத்தம் மாறவேயில்லை. அதுதான் அவளை ஏமாற்றியது. கரண்டு அடித்தால் ஆள் கத்துவான், கையை உதறுவான் என்றுதான் அவள் நினைத்து வைத்திருந்தாள். இனிகோ கத்தவில்லை. தலை மட்டும் மெல்லக் குனிந்தது. கோட்டை உற்றுப் பார்க்கிறான் என்று நினைத்தாள். புருவம் லேசாகத் தூக்கினாற்போல இருந்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

மெஷினோடு சேர்ந்து அவன் பக்கவாட்டில் சரிந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் போட்ட அலறலில் ஓடிவந்த சூசைமாணிக்கம், "தொடாதம்மா, தொடாத!" என்று கத்திக்கொண்டே போர்டிலிருந்து வயரைப் பிடுங்கி எறிந்தார். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் ஜோஸ்பின் அவன் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவை ஈரமாகவே இருந்தன. ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். போலீஸ்காரர் கேட்டார், கரூரிலிருந்து ஓடிவந்த மகள் கேட்டாள், அடக்கத்துக்கு வந்த கூட்டம் முழுக்கக் கேட்டது.

"செருப்பு போடலையாம்மா?"

"கோயிலுன்னு கழட்டிட்டாரு" என்றாள் ஜோஸ்பின்.

கழற்றச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கோயிலுக்குள் வேறு யாரும் இல்லை. கேட்டவர்கள் தாங்களாகவே மிச்சத்தைச் சொல்லிக்கொண்டார்கள். எவ்வளவு பக்தியான மனுஷன், சாமி சன்னிதானத்தில் செருப்பு போட மனசு வரவில்லை, செபஸ்தியார் காலடியிலேயே உயிர் போயிருக்கிறது, யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்! யாராவது இதைச் சொல்ல ஆரம்பித்தால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டவள், அங்கேயும் அதைச் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டியதையும் ஒரு பூசைக்குப் போகாமல் இருந்ததையும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். சாமியாரிடம் சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும். அது தனக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

வெயில் காலம் தொடங்கியபோது மெஷினைப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து திருப்பிக் கொடுத்தார்கள். ஜோஸ்பின் அதைத் துடைக்கவில்லை. சாக்கோடு அப்படியே வாசல் மூலையில் போட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஞானராஜ் வந்தான். அண்ணனைவிட நிறைய வயது இளையவன். கைக்குழந்தைக்காரன். இன்னொருவரிடம் கூலிக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தான்.

"மதினி, மெஷினு சும்மாதானே கெடக்கு. நான் எடுத்து ஓட்டுறேன். நீங்களும் வாங்க, தண்ணி ஊத்த ஆள் வேணும். எம்புட்டு நாளைக்கி இப்படி மூலையிலயே உக்காந்திருப்பீக? ரெண்டு குடும்பமும் பொழச்சுக்கிடும்."

அவனே சமாதானமும் சொன்னான். "பயப்படாதீக. அண்ணன் மாதிரி நான் கழட்ட மாட்டேன். செருப்பு போடாமத் தொடவே மாட்டேன்."

ஜோஸ்பின் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே அண்ணன் குரல். அவன் வீட்டில் தொட்டில் ஆடுகிறது. மெஷினைத் தூக்கிக் குப்பையில் போட்டால், நாளைக்கே இவன் வேறு யாரிடமாவது இதைவிட மோசமான ஒன்றை வாங்கிப் பிடிப்பான். இவனை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத் தவிர அன்று அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

"ரிப்பேர் பாத்துட்டுத் தாரேன். அதுவரைக்கும் தொடாத" என்றாள்.

மறுநாள் பேகம்பூரில் அவளையும் அவள் கையில் இருந்த சாக்கையும் பார்த்ததுமே ருக்ஸார் எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்கும் செய்தி தெரியும். ஜோஸ்பினை உட்கார வைத்து, எதிர்க்கடையில் டீ சொல்லிவிட்டு, வரிசையில் கிடந்த மோட்டார்களை எல்லாம் விட்டுவிட்டு, திருகாணிகளைக் கழற்றி மெஷினைப் பிரித்தாள். உள்ளே சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகிற ஒரு வயர், மடங்குகிற இடத்தில் உராய்ந்து உராய்ந்து தோல் உரிந்து, அலுமினிய மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. ருக்ஸார் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது வயர் போட்டாள், அதன்மேல் உறை மாட்டினாள். வெளியே வருகிற வயரையும் மூன்று இழை உள்ளதாக மாற்றி, பச்சையை அலுமினியத்தோடு சேர்த்து முறுக்கி, முனையில் மூன்று கால் பிளக் மாட்டினாள். பிறகு டெஸ்டரை வைத்துக் காட்டினாள். விளக்கு எரியவில்லை.

ஜோஸ்பின் கையில் இருந்த டீ அப்போதும் சூடாக இருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

ருக்ஸார் தலையைக் குனிந்துகொண்டாள். "பிரிச்சுப் பாத்தாத்தானேக்கா தெரியுது… அன்னைக்கே நான் பிரிச்சிருந்தா…" துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோஸ்பின் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு மெஷினை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று வீட்டில் அதைப் பழையபடி துடைத்து, பலகை மேல் வைத்துப் போர்த்தினாள்.

ஞானராஜோடு முதல் வேலை, டவுனுக்கு வெளியே வடமதுரை ரோட்டில், பாதி கட்டி முடிந்த ஒரு வீட்டில். மேஸ்திரி சோலைமுத்து கோபக்காரர், வேலை மெத்தனமாக நடந்தால் அவருக்கு ஆகாது. போன உடனே வாசல் கல்லை அறுத்துத் தரச் சொன்னார். ஞானராஜ் மெஷினை எடுத்தான். சுவரில் சின்னப் பிளக் பாயின்ட்தான் இருந்தது. ருக்ஸார் மாட்டிய பெரிய பிளக் அதில் நுழையவில்லை. அவன் சிறிதும் யோசிக்கவில்லை. பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, பிளக்குக்குக் கீழே வயரில் வைத்தான்.

"தம்பி, வெட்டாத!"

ஜோஸ்பின் ஓடிவந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"சேரலையே மதினி. வெட்டிட்டுச் செருகிக்கிறேன்."

"வேணாம். பெரிய பாயின்ட் போடச் சொல்லு. அப்புறம் அறுக்கலாம்."

"அதான் ரிப்பேர் பாத்தாச்சுல்ல? இன்னும் என்ன பயம்? இந்தா பாருங்க, செருப்பு போட்டிருக்கேன்" என்று காலைத் தூக்கிக் காட்டினான்.

சோலைமுத்து உள்ளேயிருந்து வந்தார். "என்னப்பா, ஒரு பிளக்குக்கு இம்புட்டுப் பஞ்சாயத்தா? முடியாதுன்னா சொல்லிருங்க, வேற ஆளக் கூப்பிட்டுக்கிறேன்."

ஞானராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. முதல் வேலையே கையை விட்டுப் போகிறது. "விடுங்க மதினி. மானத்த வாங்காதீக" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வயரை இழுத்தான். அவள் விடவில்லை. மெஷினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் செருப்பக் கழட்டுனாரு, செத்தாரு. நான்தான் கழட்ட மாட்டேங்கிறேன்ல? அப்புறம் என்ன?" என்று கத்தினான் ஞானராஜ்.

"ஒங்கண்ணனா கழட்டல. நான்தான் கழட்டச் சொன்னேன்."

வயரைப் பிடித்திருந்த அவன் கை அப்படியே நின்றது.

"பீடத்துக்கிட்டச் செருப்பு ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். மெஷினுன்னாரு. செத்த நேர வேலதானே, கழட்டிட்டு வாங்கன்னேன். போயிக் கழட்டிட்டு வந்தாரு. ரிப்பேருக்கு விட்டுட்டு வாடகைக்கு எடுப்போம்னாரு, அதையும் நான்தான் வேணாம்னேன். கரண்டு பிடிச்சது தெரியாம மேல மேலத் தண்ணி ஊத்துனதும் நான்தான்." அவள் அழவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இதுவும் பழையபடி கசியாதுன்னு யாரு கண்டா? அன்னைக்கு ஒன்னையும் கழட்டச் சொல்ல எவளாச்சும் வருவா. 'பூசை ரூமுல கல்லு போடணும், செருப்ப வெளிய விட்டுருங்க'ம்பா. நீ விட்டுருவ. ஒங்கண்ணன் மாதிரிதான் நீயும், சொன்னா மறுத்துப் பேச மாட்ட."

சோலைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஞானராஜ் கட்டிங் பிளேயரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனான். மணல் குவியலுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் தோள்கள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. ஜோஸ்பின் எழுந்து போகவில்லை. போக அவளுக்கு என்ன முகம் இருக்கிறது?

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவன் அவள் பக்கம் திரும்பாமல் மேஸ்திரியிடம் பேசினான். "பெரிய பாயின்ட் ஒண்ணு எர்த்தோட போடச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் நான் மெஷினத் தொட மாட்டேன். வேற ஆளக் கூப்பிடுறதுன்னா கூப்பிட்டுக்கங்க." சோலைமுத்து வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். ஆனாலும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. ஞானராஜ் தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டான். ஜோஸ்பின் மெஷினைச் சுமந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

மறுநாள் அவன் வரமாட்டான் என்றே நினைத்தாள். ஆனால் வேலை நடக்கிற வீட்டில் அவளுக்கு முன்னால் வந்து காத்திருந்தான். கண் வீங்கியிருந்தது. சுவரில் புதுப் பாயின்ட் போட்டிருந்தார்கள். பிளக்கை வாங்கி, மூன்று காலும் முழுக்க இறங்கும்வரை அழுத்திச் செருகினான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளேடைக் கல்லில் வைத்தான். மதினி என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

"தண்ணி" என்றான்.

ஜோஸ்பின் அவன் எதிரே உட்கார்ந்து ஊற்றினாள்.